முதுகுத் தண்டில் தோன்றும் கட்டிகள்

– பத்தாம் வகுப்பு மாணவி, குரோம்பேட்டை

துணிவற்றவனை ‘முதுகெலும்பு இல்லாதவன்’ என்று ஏசுவது நம் வழக்கம். துணிவு முதுகில் இருக்கிறதோ இல்லையோ, நாம் நிமிர்ந்து நிற்பதும், நடப்பதும், காலில் முள் தைத்தால் ‘ஆ’ என்று அலறுவதும் முதுகெலும்பும் அதனுள் இருக்கும் தண்டுவடமும் செய்யும் உதவியால்தான். அத்தகைய தண்டுவடத்தைக் கட்டிகள் தாக்குவதுண்டு. அவற்றைக் காலத்தோடு கண்டறிந்தால் நடையைக் காப்பாற்றலாம். நாள் கடத்தினால் கால்கள் செயலிழக்கவும் நேரலாம். ஆதலால் இதனைப் பற்றி ஒவ்வோர் இல்லத்திலும் அறிந்திருப்பது நலம்.

தண்டுவடத்தின் அமைப்பு

தண்டுவடம் மூளையிலிருந்து கீழிறங்கும் ஒரு நரம்புக் கயிறு. நம் சுண்டுவிரல் பருமனே உள்ளது; நீளம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். இதிலிருந்து 31 இணை நரம்புகள் உடலெங்கும் பிரிந்து செல்கின்றன. இதனைச் சுற்றி உறைகளும், உறைகளைச் சுற்றி எலும்பு வளையங்களும் உள்ளன. இந்த எலும்பு அரண் வெளியிலிருந்து வரும் அடியைத் தாங்கும். ஆனால் உள்ளே ஒரு கட்டி வளர்ந்தாலோ, எலும்பு விரிந்து இடம் கொடுக்காது. கட்டி சிறிதாயினும் மென்மையான தண்டுவடமே நசுங்குகிறது.

கட்டிகளின் வகைகள்

கட்டி என்றதும் புற்றுநோய் என்று அஞ்சுகிறோம். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அன்று. மருத்துவர்கள் இவற்றை இருக்கும் இடத்தைக் கொண்டு மூவகையாகப் பிரிப்பர்.

முதலாவது, உறைக்கு வெளியே, பெரும்பாலும் எலும்பில் தோன்றுவது. மார்பகம், நுரையீரல் முதலிய உறுப்புகளில் உண்டான புற்றுநோய் பரவி இங்கு வந்து தங்குவதே மிகுதி. இரண்டாவது, உறைக்குள்ளே, தண்டுவடத்திற்கு வெளியே வளர்வது. இவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்லாதவை; மெதுவாக வளர்பவை. உறையிலேயே தோன்றும் ‘மெனிஞ்சியோமா’ என்னும் கட்டி நடுவயதுப் பெண்களிடமே அதிகம் காணப்படுகிறது. மூன்றாவது, தண்டுவடத்தின் உள்ளேயே தோன்றுவது. இது அரிது, அகற்றுவதும் கடினம்.

நம் ஊர்ப் பக்கத்தில் இன்னொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். குரோம்பேட்டைக்கு அடுத்த ரயில் நிலையம் தாம்பரம் சானடோரியம். 1928-ஆம் ஆண்டு டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக அங்கு நிறுவிய மருத்துவமனையால் வந்த பெயர் அது. காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை, முதுகெலும்பையும் அரிக்கும். அப்போது சீழ் திரண்டு, கட்டியைப் போலவே தண்டுவடத்தை அழுத்தும். நல்ல வேளையாக, பெரும்பாலோர்க்கு இதனை மருந்தினாலேயே குணமாக்கலாம். அரசு மருத்துவமனைகளில் அம்மருந்து இலவசம். ஆனால் ஓராண்டோ அதற்கு மேலோ விடாமல் உட்கொள்ள வேண்டும்.

அறிகுறிகள்

முதுகுவலி வராதவர் இல்லை. அதில் மிகப் பெரும்பாலானவை தசைப் பிடிப்பு முதலிய எளிய காரணங்களால் வருபவை. எனினும் கீழ்க்கண்டவை இருப்பின் அசட்டையாக இருக்கலாகாது.

1. படுத்தாலும் தீராமல், இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் வலி.
2. மார்பையோ வயிற்றையோ சுற்றி வார் கட்டி இறுக்கியது போன்ற உணர்ச்சி.
3. கால்கள் மரத்துப் போதல்; மாடிப்படி ஏறுகையில் தடுமாறுதல்.
4. நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தும் தெரியாமல் போதல்.
5. சிறுநீர், மலம் அடக்க முடியாமை. அல்லது சிறுநீர் பிரியாமை.

கடைசி இரண்டும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆனால் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? வேலை செய்த அலுப்பு என்று தைலம் தேய்த்துக் கொள்கிறார்கள். ஐந்தாவது அறிகுறியை வெட்கத்தால் யாரிடமும் சொல்வதே இல்லை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டி எட்டு மாதங்கள் இவ்வாறே மறைத்து வைத்திருந்தார். தெருவில் செருப்பை விட்டுவிட்டு ஒற்றைக் காலில் செருப்புடன் வீடு வந்ததைப் பேத்தி கண்ட பிறகே உண்மை தெரிந்தது. அறுவைக்குப் பின் இன்று கோலூன்றி நடக்கிறார். முன்னமே சென்றிருந்தால் கோல் தேவைப்பட்டிராது என்று மருத்துவர் கூறினாராம்.

சிகிச்சை முறைகள்

நோயைக் கண்டறிய இன்று எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படம் பெரிதும் துணை செய்கிறது. கட்டியின் இடம், அளவு, தண்டுவடம் நசுங்கிய அளவு யாவும் அதில் தெரியும். கட்டி எத்தகையது என்பதைச் சிறு துணுக்கை எடுத்துச் சோதித்து உறுதி செய்வர்.

அறுவை சிகிச்சை: 1887-ஆம் ஆண்டு லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி என்னும் அறுவை மருத்துவர் தண்டுவடத்தை அழுத்திய கட்டியை முதன்முதலாக வெற்றியுடன் அகற்றினார். நடக்க இயலாதிருந்த அந்த நோயாளி மீண்டும் நடந்தார். நம் நாட்டில் 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. இராமமூர்த்தியும் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினர். இன்று நுண்ணோக்கியின் துணையால், எலும்பில் சிறு வழி திறந்து, நரம்புகளுக்கு ஊறு நேராதவாறு கட்டியை அகற்றுகின்றனர்.

கதிர்வீச்சு: பரவி வந்த புற்றுநோய்க்கும், முழுதும் அகற்ற இயலாத கட்டிக்கும் இது பயன்படும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் உருவான அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1957-இலேயே கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி அமைந்தது. 2019 முதல் தரமணியில் புரோட்டான் கதிர் மருத்துவமும் உள்ளது. இக்கதிர் கட்டியைத் தாக்கிய பின் அதற்கப்பால் செல்லாததால் சுற்றியுள்ள உறுப்புகள் காக்கப்படுகின்றன.

மருந்துகள்: தண்டுவடத்தின் வீக்கத்தைத் தணிக்க ஸ்டீராய்டு மருந்தும், சிலவகைப் புற்றுநோய்க்கு அதற்குரிய மருந்துகளும் தரப்படும். தொல்லை தராத சிறு கட்டியாயின், அவ்வப்போது படமெடுத்துக் கண்காணிப்பதே போதும்.

மறுவாழ்வு: அறுவை முடிந்ததும் சிகிச்சை முடிவதில்லை. இயன்முறைப் பயிற்சி மாதக்கணக்கில் தேவைப்படலாம். கால்கள் திரும்பாவிட்டாலும் வாழ்வு முடிந்துவிடாது என்பதற்கு டாக்டர் மேரி வர்கீஸ் சான்று. 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு அவர் நடக்கும் ஆற்றலை இழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966-இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்திற்கும் தலைமை தாங்கினார்.

தோழியரே! தண்டுவடக் கட்டி பெரும்பாலும் நம் தவற்றால் வருவதன்று. அதனைத் தடுக்கும் வழியும் பெரும்பாலும் இல்லை. நம்மால் இயன்றது காலத்தோடு கவனிப்பதே. நம் அன்னையரும் பாட்டிமாரும் தம் வலியைத் தாமே சொல்ல மாட்டார்கள். நாமே அருகில் அமர்ந்து கேட்போம். அவர்கள் நடையைக் கவனிப்போம். கூச்சத்தைப் போக்கி மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். நம்மை நடை பழக்கியவர்கள் தடுமாறாமல் நடக்க நாம் செய்யக்கூடிய சிறு கைம்மாறு இதுவே.