புகை அடங்கிய தணல்

கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் அறைக்குள் கரி மூட்டிக் குளிர்காய்ந்தவர்கள், கதவைச் சாத்திப் படுத்து, காலையில் எழாமலே போன செய்திகளை நாளிதழ்களில் படிக்கிறோம். டெல்லியில் ஒவ்வொரு குளிர்காலமும் இதே கதை. முற்றத்தில் பற்றவைத்து, புகை போன பிறகே சட்டியை உள்ளே கொண்டுவருபவர்களும் உண்டு. புகை இல்லையே, இனி என்ன பயம் என்ற அந்த நம்பிக்கைதான் உயிரை எடுக்கிறது.

கரி செக்கச்செவேலென்று கனலும்போது அடியில் உண்டாகும் கரியமில வாயு, மேலே உள்ள தணலின் ஊடே ஏறுகிறது. அங்கே சூடான கரியோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. நிறமில்லை, மணமில்லை, கண் எரிச்சல்கூட இல்லை. மூச்சில் கலந்ததும், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். தூங்குபவருக்கு இதுவும் தெரியாது. விழித்துக்கொண்டாலும் கால் துவண்டு, கதவுவரை போக முடியாமல் விழுந்துவிடலாம்.

ஜன்னலை விரலளவு திறந்துவைத்தால் போதாதா என்பார்கள். அதை நம்பிப் படுக்கவே கூடாது. பார்பிக்யூ அடுப்போ, ஜெனரேட்டரோ, எதுவானாலும் வீட்டுக்கு வெளியே, ஜன்னலுக்கும் தள்ளியே இருக்கட்டும். குளிருக்கு இன்னொரு கம்பளி போதும்.

குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசரும் இதே ஆபத்துதான். அதை வெளிச்சுவரில் மாட்டுவதே சரி. அதுவரை, கதவைத் திறந்துவைத்து வாளியை நிரப்பி, கீசரை அணைத்து, அறை நன்றாகக் காற்றாடிய பிறகு குளியுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் கடைகளில் கிடைக்கிறது. படுக்கையறைக்குப் பக்கத்தில் ஒன்று இருப்பது நல்லது. சாதாரணப் புகை அலாரம் இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது.

யாராவது மயங்கிக் கிடந்தால் கதவு, ஜன்னல்களைத் திறந்து, உடனே வெளியே தூக்கி வந்து, 108-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இங்கே ஏமாற்றும்: கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் நிறைந்த ரத்தமாகவே கணக்கிட்டு, 98 என்று காட்டக்கூடும். அதனால், அறையில் கரி எரிந்தது என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் குறையும். அதே அறையில் படுத்திருந்து, லேசான தலைவலியோடு எழுந்தவரையும் கூடவே அழைத்துப் போங்கள். கர்ப்பிணியாக இருந்தால் கட்டாயம். தாய் தெளிவாகத் தெரிந்தாலும் வயிற்றுக் குழந்தை பாதிக்கப்பட்டிருக்கலாம்.