கடினத்தைக் காக்கும் மென்மை

1970ஆம் ஆண்டு வெளிவந்த முதல் தலைமுறை ரேஞ்ச் ரோவரின் பானெட்டைத் திறந்து, விசிறியையும் ரேடியேட்டரையும் கழற்றி ஓரம் வைத்தால், எஞ்சினின் முகப்பில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்த ஓர் அலுமினிய வார்ப்பு தெரியும். அதுதான் முன் கவர். டைமிங் செயின்மேல் தூசி படாமல் மறைக்கும் தகடு என்றே முதலில் தோன்றும். ஆனால் வாட்டர் பம்ப் அதன்மேல்தான் பூட்டப்பட்டிருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் அதில்தான் செருகப்பட்டிருக்கிறது. ஆயில் பம்பின் பற்சக்கரங்கள் அதன் கீழ்ப்பகுதியில்தான் சுழல்கின்றன. கிராங்க் ஷாஃப்டின் முனை அதன் நடுத்துளை வழியாகத்தான் வெளியே வருகிறது.

அழுத்தத்தில் ஓடும் எண்ணெய், கொதிநிலைக்கு அருகே சூடேறிய கூலண்ட், வெளிக்காற்று ஆகிய மூன்றும் இந்த ஒரே வார்ப்பில் கூடுகின்றன. எந்த இரண்டும் கலக்கக் கூடாது. அவற்றைப் பிரித்து வைப்பது எஞ்சின் பிளாக்குக்கும் கவருக்கும் நடுவில் இருக்கும், அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத காகிதப் பேக்கிங்.

இந்த எஞ்சின் பிறந்தது அமெரிக்காவில். 1961 மாடல் கார்களுக்காக ப்யூக் நிறுவனம் செய்த மூன்றரை லிட்டர் வி8 அது. பிளாக், ஹெட், முன் கவர் எல்லாமே அலுமினியம் என்பதால் எடை 144 கிலோ அளவில் நின்றது. அமெரிக்காவில் சில ஆண்டுகளிலேயே அதன் தயாரிப்பு நின்றுபோனது. 1965இல் உரிமையை பிரிட்டனின் ரோவர் நிறுவனம் வாங்கியது. பிறகு பல மாற்றங்களோடு 2004 வரை லேண்ட் ரோவர் வண்டிகளில் அது ஓடியது. முப்பது, நாற்பது வயதான இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் பலர், முன் கவரை வீட்டுக் கொட்டகையிலேயே மாற்றுகிறார்கள்.

மாற்ற வேண்டிய நிலை ஏன் வருகிறது? முதல் காரணம் கூலண்ட். அலுமினியம் காற்றுப் பட்டதுமே தன்மேல் சில நானோமீட்டர் தடிமனுக்கு ஆக்சைடு படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். அந்தப் படலம் இருக்கும்வரை அரிப்பு உள்ளே நுழையாது. கூலண்டில் கலந்திருக்கும் தடுப்பு வேதிப்பொருள்கள் அதற்குத் துணை நிற்கின்றன. ஆண்டுகள் போகப் போக அவை தீர்ந்துபோகும். அல்லது கூலண்டுக்குப் பதில் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். அந்தத் தண்ணீரில் உள்ள குளோரைடு படலத்தை அங்கங்கே துளைக்க, உலோகத்தில் குழிகள் விழுகின்றன. கவரில் தண்ணீர்ப் பாதையின் விளிம்பு அரித்துப்போனால், புதுப் பேக்கிங் போட்டாலும் அது பற்றிக்கொள்ள இடம் இருக்காது. கூலண்ட் எண்ணெயில் கலந்து, எண்ணெய் பால்போல வெளுக்கும். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று எண்ணி அதைப் பிரித்துப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. கசிவு முன் கவரிலேயே இருந்திருக்கும்.

இரண்டாவது காரணம் ஆயில் பம்ப். எஃகுப் பற்சக்கரங்கள் அலுமினிய அறைக்குள் சுழல்கின்றன. எண்ணெயில் வரும் மணல் துகள்கள் அறைச் சுவரைக் கீறிக்கொண்டே இருக்கும். சக்கரத்துக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி மெல்ல அகலும். ஒடுங்கிய இடுக்கு வழியாக ஒரு திரவம் கசியும் அளவு, இடுக்கின் அகலத்தினுடைய மும்மடியைப் பொறுத்தது. இடைவெளி இரண்டு மடங்கானால், மற்றவை மாறாதிருக்கும்போது கசிவு எட்டு மடங்காகும். எண்ணெய் சூடாகி இளகினால் இன்னும் மோசம். குளிர்ந்த எஞ்சினில் ஒழுங்காக அணைந்த ஆயில் விளக்கு, நெடும்பயணம் முடிந்து சிக்னலில் நிற்கும்போது மினுக்குவது இதனால்தான்.

கழற்றும் வேலையில் முதல் பெரிய எதிரி கிராங்க் புல்லி போல்ட். அதன் முறுக்கம் சுமார் 270 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியின் முனையில் ஏறக்குறைய 27 கிலோ தொங்கினால் கிடைக்கும் திருகு விசை அது. கிராங்க் சுழலாமல் பிடித்துக்கொள்ள ஒரு வழி செய்துவிட்டால், நீளமான கம்பி மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

அதைவிடக் கவலை தருபவை மெலிந்த நீண்ட போல்ட்கள். வாட்டர் பம்பையும் கவரையும் துளைத்துக்கொண்டு பிளாக்வரை போகின்ற அவை எஃகு. சுற்றியிருப்பது அலுமினியம். ஈரம் சேர்ந்தால் இரண்டு உலோகங்களும் சின்ன மின்கலமாகிவிடும். அதில் கரைவது அலுமினியம். கரைந்த உலோகம் வெள்ளைப் பொடியாகித் துளைக்குள் பருத்து, போல்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பலத்தை நம்பித் திருகினால் போல்ட் பாதியில் முறியும்.

இங்கே வெப்பம் உதவிக்கு வருகிறது. 100 டிகிரி சூடேற்றினால் ஒரு மீட்டர் அலுமினியம் 2.3 மில்லிமீட்டர் நீளும். எஃகு அதில் பாதிதான். 8 மில்லிமீட்டர் துளையில் இந்த வித்தியாசம் 10 மைக்ரானைக்கூடத் தொடாது. ஆனாலும் இறுகிப்போன பொடியில் விரிசல் விழ அது போதும். சூடாக்கி, ஆறவிட்டு, துருநீக்கி எண்ணெய் ஊற்றி, முன்னும் பின்னுமாக மெல்ல அசைப்பதுதான் வழி. ஒவ்வொரு போல்ட்டின் நீளமும் வேறு என்பதால், ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே குத்தி வைப்பது நல்லது.

கவரோடு டிஸ்ட்ரிபியூட்டரும் வந்துவிடும். அதனால் முதல் சிலிண்டரின் பிஸ்டன் அமுக்க வீச்சின் உச்சியில் நிற்கும்போது ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அடையாளமிட்டுக்கொள்ள வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் கேம் ஷாஃப்ட், கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒரு சுற்றுத்தான் சுற்றும். ஆகவே பிஸ்டன் உச்சியில் இருப்பதை மட்டும் பார்த்தால் தவறு நேரலாம். இரண்டு ஷாஃப்டுகளையும் இணைக்கும் டைமிங் செயினைத் தொடாதவரை வால்வுகளின் நேரம் மாறாது.

கவரை மாட்டும்போதுதான் இந்த எஞ்சினின் நுட்பம் புலப்படுகிறது. கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளும் மைக்ரான் அளவில் மேடும் பள்ளமுமானவை. நேரடியாகப் பூட்டினால் மேடுகள் மட்டும் தொட்டு நிற்கும். பள்ளங்கள் வழியே எண்ணெய் வெளியேறும். காகிதப் பேக்கிங் நசுங்கி அந்தப் பள்ளங்களை நிரப்புகிறது. அதை நசுக்கியே வைத்திருப்பது போல்ட். இறுக்கப்பட்ட போல்ட் உண்மையில் இழுத்துப் பிடித்த ஸ்பிரிங். ஆனால் நாம் கொடுக்கும் முறுக்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் போல்டை இழுக்கிறது. மீதியெல்லாம் மரையிலும் தலைக்கு அடியிலும் உராய்வாகவே போய்விடும். மரையில் அழுக்கு இருந்தால் அந்த ஒரு பங்கும் குறையும். டார்க் ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டினாலும் பேக்கிங் தளர்ந்தே இருக்கும்.

பிளாக், கவர், அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப் மூன்றும் கூடுகின்ற மூலைகளில் காகிதம் போதாது. அங்கே சிலிக்கோன் பசை ஒரு பொட்டு. காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் அது ரப்பராக இறுகும். அதிகமாகப் பூசினால் உள்ளே பிதுங்கிய துணுக்குகள் பிய்ந்து சம்பில் விழுந்து, பம்பின் சல்லடையை அடைக்கும்.

கிராங்க் வெளியே வரும் துளையில் நிலைமை வேறு. ஒரு பக்கம் நிலையானது, மறுபக்கம் நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழல்வது. பிற்கால கவர்களில் அங்கே ரப்பர் உதடு கொண்ட ஆயில் சீல் இருக்கிறது. அந்த உதடு உலோகத்தை அழுத்திக்கொண்டிருப்பதுபோலத் தெரிந்தாலும், ஓடும்போது ஏறக்குறைய ஒரு மைக்ரான் தடிமனுள்ள எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது. உதட்டின் வடிவம் வெளியேறப் பார்க்கும் எண்ணெயை மறுபடி உள்ளே தள்ளுகிறது. பழைய புல்லியின் கழுத்தில் விரல் நகத்தால் தடவினால் ஒரு பள்ளம் தட்டுப்படும். ரப்பரில் பதிந்த தூசி பல்லாண்டுகளாக எஃகைத் தேய்த்த தடம் அது. புது சீல் அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் மறுபடி கசியும். மெல்லிய எஃகு உறை ஒன்றைக் கழுத்தில் ஏற்றினால் புதிய பரப்பு கிடைத்துவிடும்.

கடைசியாக ஆயில் பம்ப். சம்பில் உள்ள எண்ணெய் பம்பின் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. உலர்ந்த பற்சக்கரங்கள் சுழன்றால் முதலில் காற்றைத்தான் இழுக்க வேண்டும். சாதாரண வெப்பத்தில் எஞ்சின் எண்ணெயைவிடக் காற்றின் பாகுநிலை பல ஆயிரம் மடங்கு குறைவு. ஆகவே அது இடுக்குகள் வழியாகத் திரும்பி ஓடிவிடும்; பம்ப் எண்ணெயை மேலே ஏற்றாது. தீர்வு மருந்துக்கடையில் கிடைக்கும் வாசலின். அதைப் பற்சக்கர அறை முழுக்கத் திணித்து மூட வேண்டும். இடைவெளிகள் அடைபட்டு, முதல் சுற்றிலேயே பம்ப் எண்ணெயை இழுக்கும். எஞ்சின் சூடானதும் வாசலின் உருகி எண்ணெயோடு எண்ணெயாகிவிடும். கிரீஸ் போடக் கூடாது. அதிலுள்ள சோப்புப் பொருள் அப்படிக் கரையாமல் நுண்ணிய பாதைகளில் தங்கலாம். எஞ்சினை உயிர்ப்பிக்கும் முன், இக்னிஷனைத் துண்டித்து, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்றுவது பாதுகாப்பு.

இந்த இடைவெளிகளெல்லாம் மைக்ரான் கணக்கில் இருந்தும், ஸ்பேனரும் பொறுமையும் உள்ள ஒருவரால் வீட்டுக் கொட்டகையில் இந்த வேலையை முடிக்க முடிகிறது. மைக்ரான் துல்லியத்தை அவருடைய கை தர வேண்டியதில்லை என்பதே காரணம். காகிதம் நசுங்கி, ரப்பர் வளைந்து, வாசலின் நிரம்பி அந்தத் துல்லியத்தைத் தருகின்றன. அவை கேட்பதெல்லாம் காயமில்லாத பரப்பு ஒன்றைத்தான். அதனால் இந்த வேலையில் மிக நிதானமாகச் செய்ய வேண்டியது பழைய பேக்கிங்கைச் சுரண்டுவது. எஃகு உளியை விட்டு பிளாஸ்டிக் சுரண்டியை எடுப்பதும், கூலண்டைக் குறித்த காலத்தில் மாற்றுவதும்தான் அடுத்த கவரின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.