பச்சை லேசருக்குள் இன்னொரு ஒளி

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ‘நிஸ்ட்’ என்ற தேசியத் தர நிர்ணய ஆய்வகம் இருக்கிறது. அங்குள்ள இயற்பியலாளர்கள் 2009 கடைசியில் மூன்று பச்சை லேசர் பாயின்டர்களை வாங்கினார்கள். மூன்றுமே 10 மில்லிவாட் என்று விளம்பரம் செய்யப்பட்டவை. அவற்றில் ஒன்று மட்டும் மங்கலாக எரிந்தது. வேறு யாராவது வாங்கியிருந்தால் பேட்டரி சரியில்லை என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். இவர்கள் அளந்து பார்த்தார்கள். பச்சை ஒளியைச் சொற்பமாகவே தந்த அந்தப் பாயின்டரிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஏறக்குறைய 20 மில்லிவாட் அளவுக்கு வெளியே வந்துகொண்டிருந்தது.

20 மில்லிவாட் என்பது கேட்கச் சின்ன எண்தான். வீட்டில் எரியும் எல்.இ.டி. பல்பே 9 வாட். ஆனால் பல்பின் வெளிச்சம் அறை முழுக்கப் பரவி விடுகிறது. லேசர் கற்றை பரவாமல் நேராக வருகிறது. கண்ணின் லென்ஸ் அதை மொத்தமாகக் குவித்து, விழித்திரையில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஒரே புள்ளியில் இறக்குகிறது. கண்ணுக்குள் நுழைந்தபோது இருந்த செறிவு விழித்திரையைத் தொடும்போது சுமார் ஒரு லட்சம் மடங்காகி விடும்.

லேசர்களை வகுப்பு பிரித்திருப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஐ.இ.சி. 60825-1 என்ற பன்னாட்டுத் தரவிதிப்படி, கண்ணுக்குத் தெரியும் லேசர் 1 மில்லிவாட்டுக்குள் இருந்தால் கிளாஸ் 2. அதற்கு மேல் 5 வரை கிளாஸ் 3ஆர், 500 வரை கிளாஸ் 3பி. 500-ஐத் தாண்டினால் கிளாஸ் 4. அது தோலைச் சுடும், காகிதத்தைப் பற்றவைக்கும். சுவரில் பட்டுச் சிதறும் ஒளிகூடக் கண்ணைக் கெடுக்கும். அமெரிக்காவில் பாயின்டர் என்று விற்பதற்கு உச்ச வரம்பு 5 மில்லிவாட். அப்படியானால் நிஸ்ட் வாங்கிய மூன்றும் விளம்பரத்திலேயே வரம்பை இருமடங்கு மீறியவை.

கிளாஸ் 2 பாதுகாப்பானது என்று சொல்வதற்கு அடிப்படை நம் இமைதான். பளீரென்று ஒளி பட்டால் கால் வினாடிக்குள் கண் தானாக மூடிக்கொள்ளும், தலை திரும்பும். அந்தக் கால் வினாடியில் 1 மில்லிவாட் கெடுதல் செய்யாது என்பதே கணக்கு. அகச்சிவப்பு ஒளி இந்த ஏற்பாட்டையே குலைத்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு இமை மூடுவதில்லை. பாயின்டர் மங்கலாக எரிந்தால், என்ன கோளாறு என்று அதன் வாய்க்குள்ளேயே எட்டிப் பார்க்கத் தோன்றும். எனக்கு மிகவும் அச்சம் தருவது இதுதான்.

சிவப்புப் பாயின்டரில் இந்தத் தொல்லை கிடையாது. அதிலுள்ள டையோடு நேரடியாகச் சிவப்பு ஒளியைத் தருகிறது. சாதாரணமாகக் கிடைக்கும் 532 நானோமீட்டர் பச்சைப் பாயின்டர் சுற்றி வளைத்து வேலை செய்கிறது. அதன் டையோடு தருவது 808 நானோமீட்டர் அகச்சிவப்பு. அதை ஒரு படிகம் 1064 ஆக்குகிறது. இன்னொரு படிகம் அந்த அலைநீளத்தைப் பாதியாக்கி 532-க்குக் கொண்டுவந்து பச்சையாக்குகிறது. மாறாமல் மிஞ்சும் அகச்சிவப்பைத் தடுக்க முனையில் சிறிய வடிகட்டி ஒன்று வேண்டும். மலிவாகச் செய்கிறவர்கள் கைவைப்பது அந்த வடிகட்டியில்தான்.

இதை அறிய வீட்டுச் சாமான்களே போதும் என்று நிஸ்ட் குழு 2010-இல் காட்டியது. லேசர் ஒளியை ஒரு சி.டி.யில் பட வைத்தால், அதன் நுண்ணிய வரிகள் பச்சையையும் அகச்சிவப்பையும் தனித்தனித் திசையில் பிரித்துக் காகிதத் திரையில் விழச் செய்யும். டி.வி. ரிமோட்டின் பொத்தானை அழுத்தும்போது அதன் முனையில் வெளிச்சத்தைக் காட்டுகிற வெப்கேமராவில் அந்தத் திரையைப் பார்த்தால், வெறுங்கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள் தெரியும். ஆனால் சி.டி.யில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் கண்ணுக்கு ஆபத்து. எனவே விவரம் தெரிந்தவர்கள் மட்டுமே செய்ய வேண்டிய சோதனை இது.

2013-இல் அதே நிறுவனம் 122 பாயின்டர்களைச் சோதித்த முடிவை வெளியிட்டது. பச்சையில் கிட்டத்தட்ட 90 சதவீதமும் சிவப்பில் 44 சதவீதமும் விதிகளை மீறியிருந்தன. ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை அப்படியே நம்ப முடியாது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்தாலும் குழந்தை அழாது. கிரேக்கத்தில் பச்சைப் பாயின்டரை வைத்து விளையாடிய 9 வயதுச் சிறுவனின் இடது கண்ணில், கூர்மையான பார்வைக்கு ஆதாரமான மாக்குலாவிலேயே துளை விழுந்ததை 2018-இல் ஒரு மருத்துவ இதழ் படத்துடன் வெளியிட்டது.

பாடம் நடத்தப் பாயின்டர் தேவைப்படும் ஆசிரியர்கள் 1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட, கிளாஸ் 2 என்று குறித்த சிவப்பையே நம்பகமான கடையில் கேட்டு வாங்குங்கள். வகுப்பும் மில்லிவாட்டும் அச்சிடாத எதையும் வாங்காதீர்கள். குழந்தைக்கு விளையாட்டுச் சாமானாக எந்த நிற லேசரையும் கொடுக்காதீர்கள். கண்ணில் பட்டபின் பார்வையின் நடுவில் கரும்புள்ளியோ மங்கலோ தெரிந்தால், அது தானாகச் சரியாகும் என்று காத்திருக்காமல் விழித்திரை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.