சிறுமுதலும் பந்தயக் காரும்

பந்தயக் கார் என்றவுடன் அது பெருஞ்செல்வர்தம் விளையாட்டுப் பொருள் என்னும் எண்ணமே பலர்க்கு எழும். அவ்வெண்ணம் முற்றும் பிழையன்று. ஆயினும் முழு உண்மையுமன்று. ஒருவர் மாத்திரம் அமர்ந்து ஓட்டும் பந்தயக் காரின் வரலாற்றிலே பெருந்திருப்பம் ஒன்று சிறு பட்டறையிலேயே தோன்றியது.

1946 ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் சேர்பிற்றன் என்னும் ஊரிலே, சாள்ஸ் கூப்பரும் அவர் மகன் ஜோன் கூப்பரும் தம் கார் திருத்தும் நிலையத்திற் சிறு கார் ஒன்றை அமைத்தனர். பழைய பியற் கார்கள் இரண்டின் முன்பாகங்களை எடுத்து, ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னுமாகப் பொருத்தினர். மோட்டார்ச் சைக்கிளுக்குரிய 500 கன சென்ரிமீற்றர் எஞ்சின், சங்கிலியாற் பின்சில்லுகளைச் சுழற்றுதற்கு வாய்ப்பாக, ஓட்டுநருக்குப் பின்னே வைக்கப்பட்டது. சிக்கனமும் வசதியும் கருதிச் செய்த அவ்வமைப்பு பெரும்பந்தயக் கார்களின் வடிவத்தையே மாற்றிற்று. 1959 இலும் 1960 இலும் ஜாக் பிரபாம் உலக வாகை சூடியது எஞ்சின் பின்னே அமைந்த கூப்பர்க் காரிலேயே ஆகும்.

தமிழ்நாட்டில் இத்தகைய பணியைச் செய்தவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் ஆவர். எங்கும் எளிதிற் கிடைத்த மாருதி 800 காரின் 796 கன சென்ரிமீற்றர், மூன்று உருளை எஞ்சினைக் கொண்டு, குறைந்த செலவில் ஓட்டத்தக்க தனியிருக்கைக் காரை அவர் 1988 இல் அறிமுகஞ் செய்தார். அது போர்முலா மாருதி எனப் பெயர்பெற்றது. எல்லார்க்கும் ஒத்த கார் வாய்த்தமையால், பணத்தின் வேறுபாடு சுருங்கி ஓட்டுநரின் திறன் வெளிப்பட்டது. அவ்வகைக் காரிலே பந்தயந் தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2005 இல் போர்முலா வண் பந்தயத்திற் பங்குபற்றிய முதல் இந்தியரானார். கரிவரதன் 1995 இல் விமான விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003 இல் அமைந்த பந்தயப்பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இலங்கையிலும் இவ்விளையாட்டுக்கு நெடிய மரபுண்டு. நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934 இல் தொடங்கியது. போர்க்கால விமானத்தளமாகிய கட்டுக்குருந்தையும் பந்தயக் களமாயிற்று. கொழும்பிலோ பஞ்சிகாவத்தைக் கடைகள் பழைய கார் உறுப்புகளுக்குப் பேர்போனவை. ஆகவே வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீட்டின் பின்புறத்திற் சிறிய இடமுடைய இளைஞன் ஒருவன், பழைய தனியிருக்கைக் காரொன்றைத் திருத்த விரும்பின், எங்ஙனந் தொடங்கல் வேண்டும்?

எஞ்சினின் வலுவைக் கூட்டுதலே முதல்வேலை எனப் பலர் கருதுவர். கணக்கு வேறு கூறுகின்றது. ஓட்டுநரோடு 500 கிலோகிராம் நிறையும் 50 பரிவலுவும் உடைய காரில், ஒவ்வொரு பரிவலுவுக்கும் 10 கிலோகிராம் சுமை உண்டு. பெருஞ்செலவு செய்து 5 பரிவலு கூட்டினால் அச்சுமை ஏறத்தாழ 9.1 கிலோகிராமாகும். வேண்டாத 45 கிலோகிராமைக் களைந்தாலும் அதே பயன் கிட்டும். மேலும், வலு கூடினால் நேர்ப்பாதையில் மாத்திரமே நன்மை; நிறை குறைந்தாலோ திரும்புதலும் நிறுத்துதலும் எளிதாகும்.

அடுத்தது சில்லுகளின் ஒழுங்கு. சமதரையிற் காரை நிறுத்தி, அதன் நடுக்கோட்டிற்குச் சமாந்தரமாக இருமருங்கும் நூல் கட்டுக. ஒவ்வொரு சில்லின் விளிம்பிலும் முன்னும் பின்னும் நூலுக்குள்ள தூரத்தை அளந்தால், அச்சில்லு உள்நோக்குகின்றதோ வெளிநோக்குகின்றதோ என்பது தெரியும். தூக்குக்குண்டு அதன் சாய்வைக் காட்டும். ஓட்டுநர் அமர்ந்திருக்க, நான்கு சில்லுகளின் கீழும் நான்கு தராசுகளை வைத்து, மூலைக்கு மூலை நிறைகளைக் கூட்டிப் பார்த்தல் வேண்டும். இரு கூட்டுத்தொகையும் ஒவ்வாவிடின் கார் இடப்புறம் ஒருவாறும் வலப்புறம் வேறொருவாறும் திரும்பும். சுருள்வில்லின் உயரத்தைச் சிறிது மாற்றி அதனைச் சீர்செய்யலாம். நூலுக்கு ஆகும் செலவு சிறிது. அதன் பயனோ பெரிது.

தடுப்புகளைச் செப்பஞ் செய்யுமுன் கதியைக் கூட்டுதல் அறிவுடைமையாகாது. மணிக்கு 100 கிலோமீற்றரிற் செல்லும் கார் 120 ஐ எட்டும்போது கதி ஐந்திலொரு பங்கே கூடுகின்றது. ஆனால் தடுப்புகள் வெப்பமாக மாற்ற வேண்டிய இயக்கசக்தி 44 சதவீதம் கூடுகின்றது. தடுப்பெண்ணெய்க் குழாய்களும் பழைய ரயர்களும் ஐயத்துக்கிடமாயின் மாற்றப்படல் வேண்டும். தலைக்குமேல் நிற்கும் காப்பு வளையத்தையும் சட்டகக் குழாய்களையும் நிறைகுறைக்க வெட்டுதல் உயிரை வெட்டுதலே ஆகும். அவற்றின் ஒட்டுவேலை கைதேர்ந்த தொழிலாளர்க்கே உரியது. பந்தயக் காரைத் தெருவில் ஓட்டிப் பார்த்தலும் ஆகாது. களத்துக்கு லொறியில் ஏற்றிச் செல்லலே முறை.

இவை யாவற்றிலும் ஒருநேரத்தில் ஒருமாற்றமே செய்து, ஓட்டிப் பார்த்து, காலத்தைக் குறிப்பேட்டில் எழுதல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எதனால் நன்மை விளைந்தது என அறிய இயலாது. ஆய்வுகூடத்தில் மாணவன் கற்கும் நெறியும் இதுவே. பொருள்வளம் உடையவன் புதிய உறுப்பை வாங்கித் தன் பிழையை மறைத்துவிடலாம். சிறுமுதல் உடையவனுக்கு அவ்வாய்ப்பில்லை. அவன் அளந்தே அறிதல் வேண்டும். அங்ஙனம் அளந்து பழகிய கையும் கண்ணும், பந்தயத்தில் அவன் கடைசியாக வந்தாலும், பின்னர் எத்தொழிலிலும் அவனுக்கு உதவும்.