ஈமாக்ஸில் பின்னணிச் செயல்களும் தமிழ்ச் சொற்கணக்கும்

கணிப்பொறியின் துணைகொண்டு சொல்லடைவு தொகுப்போர் தாம் பெறும் எண்களை ஐயுறுவது அரிது. அவ்வெண்களிற் பிழை புகும் வாயில் ஒன்றனை ஈண்டு ஆராய்கின்றோம்.

ஈமாக்ஸ் என்பது உரைதிருத்தி. அதன் முதல் வடிவம் 1976இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிற்று. இன்று பெருவழக்காயுள்ள குனூ ஈமாக்ஸ், ரிச்சர்டு ஸ்டால்மன் 1985இல் வெளியிட்டது. பயில்வோர் லிஸ்ப் மொழியால் அதனைத் தம் கருத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். பிற நிரல்களை அதனுள்ளிருந்தே ஏவவும் செய்யலாம்.

ஏவல் இருவகைத்து. ‘கால்-பிராசஸ்’ எனும் கட்டளையால் ஏவின், நிரல் முடியுமளவும் திருத்தி காத்துக்கிடக்கும். ‘மேக்-பிராசஸ்’ என்பதனால் ஏவின், நிரல் பின்னணியில் இயங்க, நாம் எழுத்துப்பணியைத் தொடரலாம். நிரல் தரும் விளைவு ‘பஃபர்’ எனும் இடையகத்திற் சேரும். நாமே வடிகட்டி எழுதி அமைத்திருப்பின் அதனிடம் செல்லும். நிரல் முடிந்தமையை அறிவிப்பது ‘செண்டினல்’ எனும் காவலன்.

இவற்றுள் வடிகட்டியே இடர் விளைப்பது. விளைவு அதனிடம் முழுதாக வருவதில்லை. துண்டு துண்டாக வரும். துண்டு எங்கு முறியும் என்பதற்கு வரையறை இல்லை. யூ.டி.எஃப்-8 முறையில் ஒரு குறியீட்டுக்குரிய மூன்று பைட்டுகளின் இடையே முறியின், குறியாக்கத்தைச் சரிவர அமைத்திருக்குமிடத்து, ஈமாக்ஸே அவற்றை இணைத்துக்கொள்ளும். ஆனால் ‘கொடி’ என்பதில் ககரம் ஒரு துண்டிலும் ஒகரக்குறி அடுத்த துண்டிலும் நிற்பதை அது தடுக்காது. இதனினும் தீது, பிழையெனத் தோன்றாத முறிவு. ‘தலைவன்’ என்பது ‘தலை’, ‘வன்’ என முறியுமாயின், துண்டுதோறும் எண்ணும் வடிகட்டி, மூலத்தில் இல்லாத இரு சொற்களைக் கணக்கிற் சேர்த்து, உள்ள சொல்லை விட்டுவிடும். ஒரு நூலில் ஒரே முறை பயின்ற சொல்லாயின், அந்நூலில் அது வழங்கவேயில்லை என்னும் முடிவுக்கும் இடமாகும். ஒரு செய்யுளை மட்டும் வைத்துச் சோதிப்பின் இது பெரும்பாலும் புலப்படாது. சிறிய விளைவு ஒரே துண்டாக வந்துவிடும். பெருநூலில், ஒரே கணக்கு இருமுறை இருவேறு எண் தருவது இதற்கு நல்ல அடையாளம்.

ஆதலின், வடிகட்டி எழுதாது விளைவை இடையகத்திற் சேரவிட்டு, காவலன் அறிவித்தபின் எண்ணுதலே தக்கது என்பது எம் கருத்து. அறிவிப்பையும் நோக்கியே கொள்ளல் வேண்டும். ‘கிரெப்’ எனும் தேடுநிரல், சொல் கிடையாதவிடத்து 1 எனும் எண்ணுடன் முடியும். அதனையும் ஈமாக்ஸ் இயல்பல்லா முடிவென்றே கூறும். மெய்யான பிழைக்குரிய எண் 2.