தேடாத நஞ்சு தென்படுவதில்லை

1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்து நீரை அண்ணல் அம்பேத்கர் அள்ளிப் பருகினார். பொதுநீரைத் தொடும் உரிமைக்கான போராட்டம் அது. அந்நீரில் என்ன கலந்திருக்கிறது என்பதை அறியும் உரிமையும் அதன் தொடர்ச்சியே என நாம் கருதுகிறோம்.

ஐதராபாத் அருகே பட்டஞ்செருவில் ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்த பொது நிலையத்தின் வெளியேற்று நீரை ஸ்வீடன் ஆய்வாளர்கள் சோதித்து, 2007இல் முடிவை வெளியிட்டனர். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. மருந்து உண்ட நோயாளியின் இரத்தத்தில் காணப்படும் உச்ச அளவையும் அது விஞ்சியது. இத்தகைய நீரில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே பிழைத்துப் பெருகும்.

வழக்கமான சோதனைகள் இதைக் காட்டுவதில்லை. பி.ஓ.டி., சி.ஓ.டி. அளவீடுகள் கரிமச் சுமையின் மொத்தத்தைச் சொல்லும். எந்தச் சேர்மம் என்று சொல்லா. ஆறுகளில் நுண்மாசுகள் பெரும்பாலும் லிட்டருக்கு நானோகிராம் அளவில் கலந்திருக்கும். ஒரு நானோகிராம் என்றால் நூறு கோடி லிட்டரில் ஒரு கிராம்.

ஆகவே, வடிகட்டிய நீரைப் பற்றுபொருள் நிரப்பிய சிறு குழாய் வழியே செலுத்துகின்றனர். அதில் தங்கும் மாசுகளைச் சிறிதளவு கரைப்பானில் திரட்டுகின்றனர். திரவ நிறப்பிரிகைக் கருவி அவற்றைத் தனித்தனியே பிரிக்கும். நிறைமாலைமானி மூலக்கூறின் நிறையையும், அது உடைந்து தரும் துண்டுகளின் நிறையையும் அளந்து அடையாளம் காணும்.

ஆயினும் இம்முறை பெரும்பாலும் முன்கூட்டியே பட்டியலிட்ட சேர்மங்களை மட்டுமே தேடும். பட்டியலில் இல்லாத நஞ்சு அறிக்கையிலும் இராது. பட்டியலை முடிவு செய்வது அறிவியல் மட்டுமன்று, அதிகாரமும்தான். ஆலைக் கழிவில் நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு வரம்பு விதிக்க ஒன்றிய அரசு 2020 சனவரியில் வரைவு விதிகளை வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி விதிகளில் அவ்வரம்புகள் இடம்பெறவில்லை. வரம்பு இல்லாத பொருளை அளக்க எவருக்கும் கட்டாயமில்லை.

எனவே, ‘மாசு கண்டறியப்படவில்லை’ என்னும் அறிக்கையை முன்வைத்து நாம் நான்கு கேள்விகளை எழுப்ப வேண்டும். எந்தெந்தச் சேர்மங்கள் தேடப்பட்டன? கருவி அறியக்கூடிய மிகக் குறைந்த அளவு என்ன? மாதிரி எப்போது எடுக்கப்பட்டது. ஆலை கழிவைத் திறந்துவிடும் இரவிலா, மறுநாள் நண்பகலிலா? எந்த இடத்தில் எடுக்கப்பட்டது. ஊரின் மேற்கரையிலா, சேரியின் கிணற்றிலா?

கழிவுநீரில் இறங்கி உழைப்போரும் கீழ்க்கரையில் வாழ்வோரும் குடிக்கும் நீர் சோதிக்கப்படாதவரை, எந்த அறிக்கையும் முழுமையானதன்று.