பேயும் பூதமும் ஜின்னும்: தில்லியின் பேய் உலா குறித்த ஒரு மொழிபெயர்ப்பு நோக்கு

பழங்கட்டடங்களை இருள் கவியும் வேளையில் சுற்றிவந்து, அவற்றில் உலவுவதாகக் கூறப்படும் ஆவிகளின் கதைகளைக் கேட்கும் வழக்கம் இங்கிலாந்தின் யார்க் நகரில் 1973ஆம் ஆண்டு முதல் கட்டணச் சுற்றுலாவாக நடைபெற்று வருகிறது. இந்தியாவில் தில்லி அரசின் சுற்றுலாக் கழகம் 2023இல் இதனையொத்த உலா ஒன்றைத் தொடங்கியது. முதலில் மால்ச்சா மகாலுக்கு மாலை மயங்கும் நேரத்தில் பார்வையாளர்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். பெரோஸ் ஷா கோட்லா, துக்ளகாபாத் கோட்டை, பூலி பட்டியாரி மகால் ஆகியனவும் இத்திட்டத்தில் இடம்பெற்றன. இவை அனைத்திற்கும் ஆங்கிலத்தில் வழங்கப்பட்ட அடைமொழி 'ஹான்டட்' என்னும் ஒரே சொல்லாகும். தமிழாக்கம் செய்ய முற்படுவோரின் கை முதலில் 'பேய்' என்னும் சொல்லை நோக்கியே செல்லும். அச்சொல் இவ்விடங்களுக்குப் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

'ஹான்ட்' என்னும் ஆங்கில வினையின் பழைய பொருள் ஓரிடத்திற்கு அடிக்கடி சென்றுவருதல் என்பதே. ஆவியைக் குறிக்கும் பொருள் பின்னர் ஏற்பட்டது. எனவே அவ்வினை இடத்தைச் செயப்படுபொருளாக இயல்பாகவே ஏற்கிறது. தமிழின் நிலை வேறு. பேய் பிடித்தல், பேய் அடித்தல், பேய் அறைதல் ஆகிய வழக்குகள் யாவும் மனிதனையே செயப்படுபொருளாகக் கொள்வன. 'அவளைப் பேய் பிடித்தது' என்பது தமிழ். 'கோட்டையைப் பேய் பிடித்தது' என்பது தமிழன்று. இடத்தைச் சொல்லுங்கால் பேய் அங்கே இருக்கிறது, உலவுகிறது, குடியிருக்கிறது என்றே சொல்லவேண்டும். அவ்வாறு சொல்லும்போது ஆங்கில அடைமொழி தவிர்த்துச்சென்ற ஒரு வினாவிற்குத் தமிழ் விடைகூற நேர்கிறது: அங்கே குடியிருப்பது எது?

பெரோஸ் ஷா கோட்லாவில் இவ்வினாவிற்கு விடை ஐயமின்றிக் கிடைக்கிறது. 1354இல் பெரோஸ் ஷா துக்ளக் எழுப்பிய இக்கோட்டையின் இடிபாடுகளுக்கு வியாழக்கிழமைதோறும் மக்கள் வருகின்றனர். விளக்கும் ஊதுவத்தியும் ஏற்றுகின்றனர். தம் குறைகளை எழுதிச் சுவர் மாடங்களில் வைக்கின்றனர். ஒரே கடிதத்தைப் படியெடுத்துப் பல மாடங்களில் வைப்பதும் உண்டு. அரசு அலுவலகங்களுக்கு அனுப்பும் விண்ணப்பத்தின் சாயலை இக்கடிதங்களில் காணலாம். இவ்வழக்கத்தை விரிவாக ஆராய்ந்த ஆனந்த் விவேக் தனேஜாவின் 'ஜின்னியாலஜி' (2017) என்னும் நூல், மக்கள் இங்குத் திரளத் தொடங்கியதற்கான தடயம் நெருக்கடி நிலை முடிவுற்ற 1977ஆம் ஆண்டிலிருந்தே கிடைப்பதாகக் குறிப்பிடுகிறது. வருவோரில் இந்துக்களும் இசுலாமியரும் உளர். விண்ணப்பங்கள் ஜின்களுக்கு உரியவை. அவர்களுள் தலையாயவர் 'லாட் வாலே பாபா', அதாவது தூணுக்குரிய பெரியவர், எனப்படுகிறார். அத்தூண் பெரோஸ் ஷா தோப்ராவிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய அசோகர் தூணாகும். அதன் பிராமி எழுத்தை அவருடைய காலத்து அறிஞர்களால் படிக்க இயலவில்லை. 1837இல் பிரின்செப் படிக்கும்வரை அது வாய்திறவாமலே நின்றது. படிக்கப்படாத எழுத்தைத் தாங்கி நின்ற தூணின் அருகே இன்று எழுதப்பட்ட தாள்கள் குவிகின்றன.

ஜின் என்பது இறந்தவரின் ஆவி அன்று. இசுலாமிய நம்பிக்கையின்படி அது நெருப்பிலிருந்து படைக்கப்பட்ட தனிப் படைப்பு. மனிதரைப்போலவே நன்மை தீமைக்குப் பொறுப்பேற்பது. தமிழ் முசுலிம்கள் 'ஜின்' என்னும் சொல்லையே வழங்குகின்றனர். குர்ஆனின் தமிழாக்கங்களும் அவ்வாறே. ஆனால் அலாவுதீன் கதையைத் தமிழில் படித்தோர் அறிந்தது விளக்கிலிருந்து புறப்படும் 'பூதம்'. இங்கேதான் சிக்கல் முறுகுகிறது. பூதத்தின் வடமொழி மூலத்திலிருந்தே வந்த இந்திச் சொல்லான 'பூத்' இறந்தவரின் ஆவியைக் குறிப்பது. முடிந்துபோனது என்னும் பொருளால் இந்தி இலக்கணத்தில் இறந்தகாலமும் 'பூத்கால்' எனப்படும். தமிழ்ப் பூதமோ சிவகணமாகவும் சிலப்பதிகாரத்தில் நகரின் சதுக்கத்தைக் காப்பதாகவும் வருவது. இறப்புடன் அதற்குத் தொடர்பில்லை. ஆகவே இந்தியின் 'பூத்' தமிழில் பூதம் ஆகாது. அரபுக்கதையின் ஜின்னோ தமிழில் பூதமாகவே வழங்கிவிட்டது. உருவொற்றுமையை நம்பும் மொழிபெயர்ப்பாளர் இரண்டு இடங்களிலும் இடறுவார்.

'பேய்' என்பதும் முதலில் இறந்தவரின் ஆவியைக் குறித்த சொல்லன்று. சங்கப் பாடல்களின் போர்க்களப் பேய்மகளிரும் பரணியில் கூழ் சமைக்கும் பேய்களும் தனியோர் இனத்தவை. தம்மைப் பேய் என்று கூறிக்கொண்ட காரைக்காலம்மையார் இறந்தவர் அல்லர். இன்றைய பொதுவழக்கில் அச்சொல் அச்சத்தையும் இழிவையும் ஏற்றுள்ளது என்பதே இங்குக் கருதத்தக்கது. அதனினும் கூர்மையான இடர்ப்பாடு திணையால் எழுகிறது. பேய் உறைகிறது, பாபா உறைகிறார். தமிழ் வினைமுற்று இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே தீரவேண்டும். ஆங்கிலத்தில் இந்தத் தேர்வுக்கே இடமில்லை. மகளின் திருமணத்திற்காகவோ மகனின் வேலைக்காகவோ விண்ணப்பம் எழுதி வைத்தவரின் 'பாபா'வை அஃறிணை ஈற்றால் முடிப்பது மொழிபெயர்ப்புப் பிழை மட்டுமன்று, அவமதிப்புமாகும்.

மால்ச்சா மகாலின் செய்தி முற்றிலும் வேறு. காட்டினுள் அமைந்த இத்துக்ளக் கால வேட்டை மாளிகையில் 1985 முதல் விலாயத் மகால் என்பவர் தம் மக்களுடன் வாழ்ந்தார். அயோத்தி நவாப் வழியினர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட அக்குடும்பத்தினர், அதற்குமுன் புதுதில்லி இரயில் நிலையக் காத்திருப்பு அறையில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தனர். விலாயத் மகால் 1993இல் இறந்தார். மகன் 2017இல் இறந்தார். அவ்வரசுரிமைக் கூற்று உண்மையன்று என்பதை 2019இல் 'நியூயார்க் டைம்ஸ்' விரிவாக வெளியிட்டது. மகன் இறந்து ஆறாண்டு கடப்பதற்குள் அவ்வீடு பேய் உலாவின் முதல் இடமாயிற்று. நினைவில் வாழ்வோரைப் 'பேய்' என்று எழுதத் தமிழில் கை கூசும். 'ஆவி' ஓரளவு பொருந்தலாம். அச்சொல்லில் உயிர், மூச்சு என்னும் பொருள்களும் தங்கியுள்ளன.

உலாவில் கதைசொல்வோர் ஆங்கிலத்தில் பேசினாலும் இந்தியில் பேசினாலும் 'சொல்கிறார்கள்' என்னும் பொருள்படும் தொடரைக் கையாள்வர். கேள்வியறிவைக் குறிக்கத் தமிழில் -ஆம் என்னும் ஒட்டே உண்டு: 'இரவில் அழுகுரல் கேட்கிறதாம்.' சொல்வோர் பொறுப்பேற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஆயினும் இவ்வொட்டு ஏளனத்தையும் உணர்த்தவல்லது. 'அவர் அரசியாம்' என்பதில் ஐயமும் நகையும் கலந்தே ஒலிக்கும். விலாயத் மகாலைப் பற்றி அவ்வாறு எழுதினால் படிப்போர் எதைக் கொள்வர் என்று சொல்ல இயலாது. மேலும் இலக்கிய நடையில் 'ஆம்' உறுதிப்பொருளும் தரும். எனவே எழுத்துநடையில் 'என்பர்' என்பதே ஏற்றது. தொல்காப்பியத்தின் என்ப, என்மனார் ஆகிய வினைமுற்றுகளின் வழிவந்த அது ஏளனமின்றிப் பிறர்கூற்றைத் தாங்கும்.

இவ்வேறுபாடு பேணப்படாமையின் விளைவை இராசத்தானின் ஆல்வார் மாவட்டத்திலுள்ள பான்கர் கோட்டையில் காணலாம். கதிரவன் மறைந்த பின்னும் எழுமுன்னும் நுழைவதைத் தடைசெய்யும் தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை அங்குள்ளது. துறையின் பிற சின்னங்கள் பலவற்றிலும் பார்வை நேரம் ஏறத்தாழ இதுவே. ஆயினும் அங்குப் பேய் இருப்பதை அரசே ஒப்புக்கொண்டுள்ளது என்னும் கூற்று, 'என்பர்' என்ற சொல்லும் இன்றிப் பரவிவிட்டது. பலகையில் உள்ளது 'நுழையாதீர்' என்னும் பொருள்பட்ட ஏவல்; பேயைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.